பழைய மேப்பைப் புது மேப் ஆக்கிய பாடு

பழைய கம்ப்யூட்டர் மேப்புகளைப் புது மென்பொருளுக்கு மாற்றுகிற தொழில், அடுத்தவர் குடித்தனத்தை வீடு மாற்றிக் கொடுப்பது மாதிரி: எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், ஒரு கரண்டி குறைந்தால் தெருவே கூடிவிடும். உங்களில் யாராவது பழைய ஃபைலைத் திறந்து, அது எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகக் காட்ட, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அதுவரை கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த முதலாளி, சென்னைக் கம்பெனி ஒன்றிடமிருந்து ஒரு வேலை பிடித்து வந்தார். தொண்ணூறுகளில் யாரோ டாஸ் காலத்து மென்பொருளில் வரைந்துவைத்த ஏரிகளையும் ஊர்களையும் புதிய மேப் மென்பொருளுக்குக் கொண்டுவர வேண்டும். அதை வைத்து ஏரிக்கரைகளைப் பலப்படுத்தப் போகிறார்கள். மேப்பில் குடியிருப்பு என்று இருந்தால் அந்தச் சனங்களுக்கு மாற்று இடம். இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பு, எழுந்து போக வேண்டியதுதான். வேலை பார்த்தது நானும் மோகனும். எங்கள் கழனிக்கு நடவுக்கும் களைக்கும் வருகிற கன்னியம்மாவின் வீடு, அந்த ஏரிகளில் ஒன்றின் ஓரத்தில் இருந்தது. அந்த வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வழியில் சிரிக்கக் கிடைத்ததையும் விடுவானேன்?

பொட்டு வைத்த ஃப்ளாப்பி

ஃபைல்கள் ஒரு பிஸ்கட் டின்னில் வந்தன. கொண்டுவந்தவர் அரசு அலுவலக உதவியாளர், ஓய்வு பெறக் காத்திருந்த பெரியவர். மூடியைத் திறந்ததும் சந்தன வாசனை. ஒவ்வொரு ஃப்ளாப்பிக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு டைப்ரைட்டருக்கும் பீரோவுக்கும் பொட்டு வைத்தவர், இவற்றையும் விட்டுவைக்கவில்லை. ஃப்ளாப்பிக்கு நெற்றி என்று அவர் தேர்ந்தெடுத்தது, தகடு நகர்ந்து திறக்கிற இடத்தை. பொட்டு காய்ந்து உதிர்ந்து உள்ளே போய்த் தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

டிரைவில் போட்டால் அரிசி புடைக்கிற சத்தம். மோகன் ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்தட்டைப் பஞ்சால் துடைத்து, வேறு கூட்டில் போட்டுப் படிக்க வைத்தான். பாதிக்குமேல் பிழைத்தன. மீதியை, கூடவே வந்த அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்து எடுத்தோம். உதவியாளரிடம் பக்குவமாகத்தான் சொன்னேன், ஐயா, குங்குமம் உள்ளே போய்த்தான் கெட்டிருக்கிறது என்று. மனுஷர் முகம் வாடிப்போனது.

"வருசம் தவறாம பூஜை போட்டுக்கினு வந்தோம்மா. அப்படி இருந்தும் கெட்டுப்போச்சுன்னா நாங்க இன்னா பண்றது?"

சாமி கிளம்பிவிட்டார்

பழைய மேப்பில் அளவெல்லாம் ஒரு மூலைக்கல்லிலிருந்து அடிக்கணக்கில். புதியதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கணக்குப் போட்டு மாற்றும்போது எங்கேயாவது தப்பினால் ஊரே கிளம்பிவிடும். முதல் தடவை மாற்றியபோது ஐயங்கார்குளத்துக் குளம் யாரோ ஒருவர் நிலத்தில் போய் உட்கார்ந்தது. பழையசீவரம் மலைக்கோயில் பாலாற்றின் நடுவில் நின்றது.

முதலாளி பக்திமான். திரையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் எங்களைத் திட்டினார். கோயில் இடம் மாறினால் கேட்க ஆள் இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்கு வெறும் சிரிப்பாகத்தான் பட்டது. மோகன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"சாமி தீர்த்தவாரிக்குப் போயிருக்காரு சார். சாயங்காலத்துக்குள்ள மலைக்குக் கூட்டிக்கினு வந்துடறேன்."

தென்னேரி நிரம்பிய மத்தியானம்

மேப்பில் ஏரி என்பது ஒரு கோடு. அந்தக் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் உள்ளே நீலம் நிற்கும். இப்படி மூடிய வடிவத்துக்கு எங்கள் பாஷையில் பாலிகன் என்று பெயர். தென்னேரி ஏரியின் கோட்டில் மயிரிழை அளவு இடைவெளி இருந்திருக்கிறது. பழைய மென்பொருள் போனால் போகிறதென்று விட்டுவிட்டது. புதியது விடவில்லை. வண்ணம் கொடுத்த மாத்திரத்தில் நீலம் உடைத்துக்கொண்டு, வயல், ரோடு, ஊர் எல்லாவற்றையும் தாண்டித் திரை முழுக்கப் பரவிவிட்டது.

மழை பொய்த்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கீழே உரக்கடைக்காரர் சாப்பிடப் போயிருந்ததால், அவருக்காகக் காத்திருந்த விவசாயி ஒருவர் மாடிக்கு வந்து எங்கள் ஃபேனுக்கடியில் நின்றிருந்தார். தென்னேரிப் பக்கத்துக்காரர். இது என்ன என்று கேட்டார். உங்கள் ஏரிதான், தப்பாக வந்திருக்கிறது, இதோ சரிபண்ணிவிடுகிறேன் என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார். எனக்கு மௌஸை அழுத்த மனசு வரவில்லை.

"கொஞ்ச நேரம் அத்த அப்படியே உடும்மா. ஏரி ரொம்பிப் பார்த்து வருசக்கணக்காவுது."

சுடுகாட்டுக்கு எண் உண்டு

பழைய மேப்பில் ஒவ்வொரு பாலிகனுக்கும் ஒரு எண். நன்செய், புன்செய், ஏரி, கோயில், நத்தம், காலனி, களம், செங்கல் சூளை, சுடுகாடு என்று தரைமேல் உள்ள எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். வரைகிறவர் எதைப் பார்த்தாலும் அதை இந்த எண்களில் ஒன்றுக்குள் அடக்கியாக வேண்டும். அடங்காததை என்ன செய்வது? குறிப்பு லேயர் என்று, மேப்பின்மேல் விரித்த கண்ணாடித்தாள் மாதிரித் தனி அடுக்கு ஒன்று வைத்திருந்தார்கள், அதில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாற்றும்போது குறிப்பு லேயரை விட்டுவிடுங்கள் என்பது சென்னைக் கம்பெனியின் உத்தரவு. அதில் குற்றம் சொல்லவும் முடியாது, முக்கால்வாசி குப்பை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்திருந்தார் அந்தப் பெயர் தெரியாத மனுஷர். 'இங்கே சந்தேகம்.' 'மறுபடி அளக்கணும்.' ஒரு மலைக்குப் பக்கத்தில், 'பசிக்குது.'

மோகனும் நானும் இதையெல்லாம் வாய்விட்டுப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் கன்னியம்மாவின் ஊர் ஏரி வந்தது. ஏரியின் உள் ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு வட்டம். அதற்குள் 'குடிசைகள், இருளர்' என்று எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை. கழனிக் கூலிக்குப் போய், வேலை இல்லாத நாளில் வரப்பில் எலி வெட்டிப் பிழைக்கிற அந்தச் சனங்களை ஊர்க் குடியிருப்பான நத்தத்திலும் சேர்க்கவில்லை, காலனியிலும் சேர்க்கவில்லை. செத்தவர்களைக் கொண்டுபோய் வைக்கிற இடத்துக்கு எண் இருந்தது. உயிரோடு இருக்கிற இவர்களுக்கு இல்லை. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

குறிப்பு லேயரைத் தூக்கிவிட்டால் அந்த இடம் வெறும் ஏரி. ஏரிக்குள் இருப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் போனிலிருந்து காதை எடுக்கவில்லை, போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பதில் சொன்னார்.

"குறிப்புக்கெல்லாம் பில் கிடையாதும்மா. ஏரியை முழுசா மூடிட்டு அடுத்த ஊருக்குப் போ."

கன்னியம்மா மாடி ஏறினாள்

கன்னியம்மா என்னைவிட நன்றாக மூத்தவள். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அவள் என்னை அம்மா போட்டுப் பேசுவாள். எங்கள் பக்கத்து ஒழுங்கு அப்படி; அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஏரிக்கரை வேலை வரப்போகிறது, மேப்பில் இருக்கிற வீட்டுக்குத்தான் மாற்று இடம் என்று ஊருக்குள் பேச்சு அடிபட்டிருக்கிறது. அந்த மேப்பைப் போடுவது நான்தான் என்று யாரோ கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். ஒரு மத்தியானம் மாடிப்படி ஏறி வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் வந்தாள். "எங்க வூடு அதுல இருக்குதாம்மா?" என்று கேட்டாள்.

பழைய கம்ப்யூட்டரைப் போட்டு வட்டத்தைக் காட்டினேன். விரல் திரையில் படாமல் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தன் வீடு எது, தம்பி வீடு எது என்று கேட்டாள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வட்டம்தான் என்றேன். அவர்கள் சாமியாகக் கும்பிடுகிற கன்னிமார் கல்லு எங்கே என்றாள். இல்லை. மாமியாரைப் புதைத்த இடம்? அதுவும் இல்லை. இவ்வளவும் இல்லை என்று கேட்டுவிட்டும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். யாரோ ஒருவர், என்றைக்கோ ஒரு நாள், அவர்கள் அங்கே இருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகவில்லையே. புது மேப்பில் இந்த வட்டமே கிடையாது என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவள் சொன்னது நினைவிருக்கிறது.

"வூடு வூடா வோணாம்மா. இந்த வட்டம் போதும். இத்த மட்டும் அழிச்சிடாத."

ஒன்று அதிகம்

வட்டத்தைப் புது மேப்பில் நானே வரைந்துவிட்டேன். வரைந்தால் போதுமா, எண் கொடுக்க வேண்டுமே. இந்த ஊரில் செங்கல் சூளை எண் சும்மாதான் கிடக்கிறது, அதைக் கொடுத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றான் மோகன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களில் பாதிப்பேர் முன்பணம் வாங்கிச் சூளையில் மாட்டிக்கொண்டு சீரழிந்தவர்கள், மேப்பிலும் அங்கேயே கொண்டுபோய் வைப்பாயா என்று கத்திவிட்டேன். நத்தத்தின் எண்ணைக் கொடுத்தேன்.

சரிபார்க்க வந்த அரசு அதிகாரி கெட்டவர் இல்லை. வந்ததும் மோகனின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். ஆனால் அவர் சரிபார்க்கிற முறை ஒன்றே ஒன்று: பழைய மேப்பில் எத்தனை பாலிகனோ, புதியதிலும் அத்தனை இருக்க வேண்டும். படத்தைப் பார்க்க நேரமில்லை, எண்ணிக்கையைப் பார்ப்பார். எங்களுடையதில் ஒன்று அதிகமாக வந்தது. தேடிப் பிடித்துவிட்டார். குறிப்பு லேயரைத் திறந்து, இதோ பழைய மேப்பிலேயே இருக்கிறது சார் என்று காட்டினேன். அது குறிப்பு, பாலிகன் இல்லை என்றார். நான் விடாமல் கெஞ்சினேன். அவர் மௌஸைத் தன் பக்கம் இழுத்து, அவர் கையாலேயே அழித்தார். திரையில் ஏரி முழுசாக நின்றது.

"தினம் அந்தப் பக்கம் ஜீப்புல போறவன்மா நான், குடிசைங்க இருக்கறது எனக்குத் தெரியாதா? ஆனா பழசுல இல்லாத ஒண்ணு புதுசுல எப்படி வரும்?"

ஸ்டுடியோக்காரர் வந்தார்

மனு கொடுக்கலாம் என்று கன்னியம்மாவின் தம்பி சொன்னான். கொடுக்கலாம், ஆனால் கூட எதைக் காட்டுவது? பழைய மென்பொருளிலிருந்து காகிதத்தில் எடுக்க வழியில்லை. அதற்கான இயந்திரம் எந்தக் காலத்திலோ காயலான் கடைக்குப் போய்விட்டது. திரையில் மட்டும்தான் பார்க்க முடியும். அதுவும் எப்படி? கம்ப்யூட்டருக்குப் பின்னால் பூட்டு என்று ஒரு குட்டிச் சாமானைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். பூட்டு லொடலொடவென்று ஆடும். சற்றே நழுவினால் திரை இருண்டுவிடும். ஆகவே மோகன் மேஜைக்குப் பின்னால் முட்டிபோட்டு அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, பஜாரிலிருந்து ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவந்து திரையைப் போட்டோ எடுக்கச் சொன்னோம்.

கல்யாண வீடுகளில் கைதேர்ந்தவர் அவர். முதலில் ஃப்ளாஷ் போட்டு எடுத்தார். ஏரி இருந்த இடத்தில் வெள்ளைப் பந்து. ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தார். கறுப்புப் பட்டை ஒன்று குறுக்கே விழுந்தது. இவையெல்லாம் கழுவிக் கொண்டுவந்த பிறகுதான் தெரியும், அதனால் மறுபடி மறுபடி வந்தார். கடைசியாக மங்கலாக ஒன்று கிடைத்தது. வட்டம் தெரிந்தது, எழுத்தை உற்றுப் பார்த்தால் படிக்கலாம். அவர் பாவம், தன் தொழிலுக்கே இழுக்கு என்று வருத்தப்பட்டார்.

"முகம் கிகம் ஏதாவது இருந்தா பளிச்சினு எடுத்துக் கொடுத்துடுவேன் மேடம். இதுல யாருமே இல்லியே."

மனு எங்களைத் தேடி வந்தது

மனுவை நான் எழுதினேன். கன்னியம்மாவும் அவள் தம்பியும் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தார்கள். வாங்கியவர் மரியாதையாக முத்திரை போட்டு ரசீது கொடுத்தார் என்று அவளுக்கு ஏகப்பட்ட நம்பிக்கை. எனக்கும் கொஞ்சம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மனு மேலேயிருந்து 'தக்க நடவடிக்கைக்கு' என்று இறங்கியது. மேஜை மேஜையாக இறங்கி, சரிபார்க்க வந்த அதே அதிகாரியிடம் வந்தது. அவர் அதைச் சென்னைக் கம்பெனிக்கு அனுப்பினார். கம்பெனி அதை எங்கள் முதலாளிக்கு அனுப்பியது: 'மேற்படி இடத்தில் மேப்பில் குடியிருப்பு உள்ளதா? விவரம் தரவும்.' பின்னால் அந்த மங்கல் போட்டோ குத்தியிருந்தது. என் கையெழுத்து என் மேஜைக்கே திரும்பி வந்துவிட்டது.

பதிலை டைப் அடிக்கச் சொன்னார் முதலாளி. முடியாது என்றேன். மோகன் டீ குடிக்கப் போகிறேன் என்று இறங்கிப் போனவன் திரும்பவே இல்லை. கடைசியில் முதலாளியே உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். 'குடியிருப்பு ஏதும் இல்லை.' சின்ன ஒரு வரி, அதை அடித்து முடிக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. முடித்ததும் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினார்.

"பொய் ஒண்ணும் எழுதலியேம்மா. மேப்புல இல்லைன்னுதானே எழுதியிருக்கேன்."

கழனியில்

ஏரி வேலை தொடங்கியதைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். மண் வாரும் இயந்திரம் கரையோரமாகப் போய் வந்துகொண்டிருந்தது. குடிசைகள் இருந்த இடத்தில் ஓலையும் பானை ஓடும் ஒதுக்கிக் குவித்திருந்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்டது என் காதில் விழவில்லை. சிலர் சூளைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கன்னியம்மா அடுத்த ஊர்க் கால்வாய்ச் சரிவில் நாலு கொம்பு நட்டு, மேலே சாக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் கொஞ்சம் மழை பெய்தது. களை எடுக்க ஆள் தேடியபோது அவளும் வந்தாள். டீத் தூக்கோடு நான் கழனிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எப்போதும்போல, "இன்னாம்மா, எளச்சிட்ட?" என்று கேட்டாள். அதோடு என் கட்டு உடைந்தது. வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நான் வரைந்துதான் வைத்தேன் கன்னியம்மா, அவர்கள்தான் அழித்துவிட்டார்கள் என்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் டீயை வாங்கி, பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு முதலில் ஊற்றிக் கொடுத்தாள். அப்புறம் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் எதிரே குந்தினாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ கம்ப்யூட்டர்ல வெச்ச வூட்டத் தூக்கிட்டாங்கன்னு அழுவுறியேம்மா. நாங்க மண்ணுல வெச்ச வூட்டையே தூக்கிட்டாங்களே."

பழைய மேப்பைப் புதிதாக மாற்றுவது கஷ்டமா என்று இப்போதும் யாராவது கேட்டால், கஷ்டமே இல்லை, கோயில் குளம் ஏரி எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்துவிடும், மனுஷரை மட்டும்தான் வழியில் இறக்கிவிடுவோம் என்று சொல்லிவைக்கிறேன்.